கையிலுள்ள தகடும் காற்றில் வரும் படமும்

ஒரு பொருளைப் பயன்படுத்துவது வேறு. அதனைத் தன்னுடையதாகக் கொண்டிருப்பது வேறு. சட்டம் பயின்றோரும் இறையியலாரும் மட்டுமே ஆராயத்தக்க நுட்பம் இது என்று பலர் ஒதுக்கிவிடுவர். ஆயினும் அந்நுட்பம் இப்போது நம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலும், உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும், பரணில் ஏற்றிவைத்த டிவிடி பிளேயரை இறக்கித் தூசி தட்டும் குடும்பங்கள் சிலவற்றை நாம் காண்கிறோம். மாதச் சந்தா கட்டினால் கைப்பேசியிலேயே படம் வந்து நிற்கும் இந்நாளில், பழைய குறுந்தகட்டைத் தேடி எடுப்பானேன்? முதியோரின் பழைமைப் பற்று என்று இளையோர் நகைக்கின்றனர். நகைத்து முடித்துவிடக் கூடிய செய்தி இதுவன்று என்பது நம் எண்ணம்.

குறுந்தகடு நம் ஊர்களுக்கு வந்த வரலாறு நெடியதன்று. டிவிடி 1996-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம்மிடையே முதலில் பரவியதோ அதனினும் எளிய விசிடி. ஒரு தகட்டில் ஏறத்தாழ 74 நிமிடங்களே அடங்கும். ஆகவே ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு தகடுகள், படம் நீளமாயின் மூன்று. கதை சூடுபிடிக்கும் வேளையில் தகடு முடிந்துவிடும். யாரேனும் எழுந்துபோய் மாற்றவேண்டும். அதற்குள் வீட்டுப் பெண்கள் உலையைப் பார்த்துவிட்டு வந்துவிடுவர். 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. மறு ஆண்டளவில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கலாயிற்று. கூலிவேலைக்குச் செல்லும் குடும்பமும் ஒரு படத்தை முறையாக விலைக்கு வாங்கித் தன் அலமாரியில் வைக்க முடிந்தது. திரைப்படம் என்னும் கலை பிறந்து நூறாண்டு கடந்த பின்னரே ஏழைக்கு இது இயன்றது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அந்நிறுவனமும் பிற்காலத்தில் கடனில் ஆழ்ந்து, 2018-இல் அதனைக் கலைத்துவிட ஆணை பிறந்தது. அதற்குள் 2016 வந்து போயிருந்தது. ஜியோவின் வருகையால் இணையம் மலிந்தது. நெட்ஃபிளிக்ஸும் அமேசான் பிரைமும் அதே ஆண்டில் இந்தியாவுக்குள் நுழைந்தன. தகடு விற்ற கடைகள் கைப்பேசிக்கு உறை விற்கும் கடைகளாயின.

இப்புதிய வசதியை நாம் இகழவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவர் ஒருவர் தம் இளமையில் பார்த்த படத்தைப் பேரனின் கைப்பேசியில் மீண்டும் காண்கிறார் என்றால், அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வருமா? ஆனால் மாதந்தோறும் நாம் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். படத்துக்கு அன்று, படத்தைப் பார்க்க விடுவதற்கு. பணம் நின்றால் பார்வை நிற்கும். பணம் நிற்காவிடினும், கொடுப்பவர் மனம் மாறினால் பார்வை நிற்கும். இது கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் உள்ள உறவன்று. வாயிற்காவலருக்கும் வந்து நிற்பவருக்கும் உள்ள உறவு.

2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தன் இந்தியச் சந்தாதாரர்க்கு ஓர் அறிவிப்பை அனுப்பியது. ஒரு கணக்கை ஒரு குடும்பத்தார் மட்டுமே பயன்படுத்தலாம். குடும்பத்தார் எனப்படுவோர் ஒரே வீட்டில் வாழ்வோர். தன் வணிகத்தை எவ்வாறு நடத்துவது என்று வகுத்துக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதில் முறைகேடு ஏதுமில்லை. ஆயினும் நம் குடும்பங்கள் எவ்வாறு இருக்கின்றன? தாய் ஏனாத்தூரில் இருக்கிறார். மகன் ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு அருகில் நால்வரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறான். மகள் செங்கற்பட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு தூக்குச்சட்டியில் ஏறிப் பேருந்தில் அறைக்குப் போகிறது. மகளின் தாலிச்சங்கிலி தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காக அடகுக்குப் போய், மீண்டு வருகிறது. இவர்கள் ஒரு குடும்பம் அல்லர் என்று யார் சொல்லமுடியும்? தாயின் அலமாரியில் ஒரு தகடு இருந்தால் அது குழம்போடு சேர்ந்து அதே பையில் போகும். யார் வீட்டுக் கருவியில் ஓடுகிறோம் என்று அத்தகடு கேட்பதில்லை.

இங்குதான் நம் கேள்வி எழுகிறது. உடைமை என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது பூட்டு. பிறர் தொடாதவாறு காப்பதே உடைமையின் இயல்பு என்று எண்ணுகிறோம். ஆனால் உடைமைக்கு மற்றொரு முகமும் உண்டு. நம்முடையதாக இருப்பதை மட்டுமே நாம் பிறர்க்குக் கொடுக்க இயலும். இரவல் தர இயலும். இறக்கும்போது விட்டுச்செல்ல இயலும். இருநூறு படங்களைச் சந்தா கட்டிப் பார்த்தவரிடம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல ஒரு படமும் இல்லை. இருபது தகடு வைத்திருந்தவரிடம் இருபது இருக்கும்.

மேலும், காற்றில் வருவது காற்றிலேயே போய்விடும். 2023 டிசம்பர் முதல் நாளில் திரையரங்குகளுக்கு வந்த 'அன்னபூரணி' படத்தை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். திருவரங்கத்துக் கோயிலில் அமுது சமைப்பவரின் மகள் புலாலும் சமைக்கும் பெரும் சமையற்கலைஞராக விரும்பும் கதை அது. தணிக்கைச் சான்று பெற்ற படம். அம்மாத இறுதியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. சமய உணர்வைப் புண்படுத்துகிறது என எதிர்ப்பு எழவே, தயாரிப்பில் பங்குகொண்ட நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 2024 ஜனவரியில் அங்கிருந்து எடுக்கப்பட்டது. புண்பட்டோம் என்றவர்களின் உணர்வை நாம் எள்ளி நகையாடவில்லை. 2006-இல் 'தி டா வின்சி கோட்' படத்துக்கு எதிராக நம் கிறிஸ்தவச் சமூகமும் குரல் எழுப்பியது. தமிழக அரசு அப்படத்துக்குத் தடை விதித்தது. அத்தடை சரியா என்பதில் நம்முள்ளேயே இருவேறு கருத்துகள் உண்டு. ஆயினும் அன்று அரசாணை என ஒன்று இருந்தது. அதனைப் படிக்கவும், எதிர்த்து வழக்காடவும் வழியிருந்தது. 'அன்னபூரணி'யைப் பாதி பார்த்து உறங்கப் போன ஒருவர் மறுநாள் எந்த ஆணையை எடுத்துப் படிப்பார்? படம் இருந்த இடத்தில் வேறொரு படம் இருக்கும்; அவ்வளவே.

நூல்களுக்கும் இது நேர்ந்துள்ளது. 2009-இல் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் காரணமாக, தன் கிண்டில் கருவிகளில் வாசகர் விலைகொடுத்து வாங்கிவைத்திருந்த சில நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. அவற்றுள் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. பழைய ஆவணங்களை அழித்துத் திருத்தும் ஓர் அரசைப் பற்றிய நாவல் அது! நிறுவனம் பின்னர் வருத்தம் தெரிவித்தது. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. மின்னணு வடிவில் படமோ நூலோ விளையாட்டோ விற்பவர், வாங்குபவருக்குக் கிடைப்பது பொருளன்று, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது என்கிறது அச்சட்டம். ஒரு வினைச்சொல்லை அதன் பொருளோடு பொருத்துவதற்கு ஒரு சட்டமன்றம் கூடவேண்டியிருந்தது.

நீக்குவதினும் நுட்பமானது திருத்துவது. 1971-இல் வெளிவந்து ஆஸ்கர் விருது பெற்ற 'தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தில், ஓர் இனத்தாரை இழிவுபடுத்தும் சொல் இடம்பெற்ற சில வினாடிகள் 2023-இல் அமெரிக்க ஓடிடி தளத்தில் அறிவிப்பின்றி வெட்டப்பட்டிருந்தன. அச்சொல் இழிவானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வெட்டு நிகழ்ந்ததை எவ்வாறு அறிவது? பழைய தகட்டை வைத்திருப்பவர் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்டு.

இவ்விடத்தில் நம் உத்திரமேரூரை நினையாமல் இருக்க முடியவில்லை. குடவோலைக் கல்வெட்டு என்றவுடன் தேர்தலைப் பற்றி மட்டுமே பேசுவது நம் வழக்கம். ஓலை நறுக்குகளில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறை அது. பள்ளிப் பாடநூலிலேயே படித்திருக்கிறோம். நமக்கு வியப்பளிப்பது வேறொன்று. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இருப்பவை இரண்டு கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல், சபையார் ஒரு விதியை வகுத்தனர். இரண்டாண்டு கழிந்து 921-இல் அதனைத் திருத்தி, இன்னும் விரிவாக மற்றொன்றை வகுத்தனர். திருத்திய பின் பழையதைச் செதுக்கி எறிந்துவிடவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன. எது மாறியது என்பதை ஆயிரத்து நூறு ஆண்டு கழித்துச் செல்லும் நாமும் ஒப்பிட்டு அறிகிறோம். தம் மனம் மாறியதை மறைக்க வேண்டுமென்று அச்சபையார் கருதவில்லை போலும். இந்நாளில் ஒரு தளத்தின் விதிமுறை மாறினால், பழைய விதிமுறை எங்கே போயிற்று என்று யாரைக் கேட்பது?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பு. திரைப்படம் என்றைக்கு மக்களின் உடைமையாக இருந்தது? கீற்றுக் கொட்டகையில் மணல் குவித்து அமர்ந்து பார்த்த நம் பெற்றோர் கையில் நுழைவுச்சீட்டின் கிழிந்த பாதி தவிர என்ன இருந்தது? அவர்களும் பார்வைக்கு மட்டுமே காசு கொடுத்தவர்கள்தாம். வீடியோ கேசட் தொடங்கிக் குறுந்தகடு முடிய, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே படம் வீட்டுக்குள் பொருளாக இருந்தது. அதனை இயல்பென்றும், இப்போதைய நிலையை இழப்பென்றும் பேசுவது பொருந்துமா?

உண்மைதான். ஆயினும் அப்பெற்றோர் வெறுங்கையோடு திரும்பியவர்கள் அல்லர். கொட்டகை வாயிலில் பாட்டுப் புத்தகம் விற்றது; காலணா, அரையணா கொடுத்து வாங்கி, மனப்பாடம் ஆகும்வரை பாடினர். பின்னர் கதை வசனம் இசைத்தட்டாக வந்தது. திருமண வீட்டு ஒலிபெருக்கியில் ஊரே கேட்டது. ஏதேனும் ஒன்றைக் கையில் பற்றிக்கொள்ள வேண்டும் என்னும் வேட்கை குறுந்தகட்டோடு பிறந்ததன்று. பற்றிக்கொள்ள முடியாமற்போனதன் விலையும் நமக்குத் தெரியும். நடராஜ முதலியார் எடுத்த முதல் தமிழக மௌனப்படமான 'கீசகவதம்' இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இல்லை. படச்சுருளில் வெள்ளி இருந்தமையால் அதனை உருக்கி எடுத்துக் காசாக்கியவர்களும் அந்நாளில் உண்டு. மக்கள் கையில் ஒரு பிரதியும் இல்லாதபோது, உரியவர் அக்கறையற்றிருந்தால் அத்துடன் படத்தின் கதை முடிந்தது.

'ஞானசௌந்தரி'யை நம் முதியோர் அறிவர். நம் கத்தோலிக்க ஊர்களில் நாடகமாகப் பன்முறை ஆடப்பட்ட கதை. 1948-இல் இரண்டு நிறுவனங்கள் ஒரே சமயத்தில் இதனைப் படமாக்கின. சிட்டாடல் நிறுவனத்தின் படம் பெருவெற்றி கண்டது. அதில் அன்னை மரியாவை நோக்கி ஜிக்கியும் பி. ஏ. பெரியநாயகியும் பாடிய பாடல் இன்றும் நம் கெபிகளில் ஒலிக்கிறது. ஜெமினியின் வாசன் தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருடைய படம், அவருடைய முடிவு. ஆனால் அப்படத்தைப் பார்த்து விரும்பிய யாரேனும் ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? அவர் மனத்தில் மட்டும் அது ஓடி, அவரோடு மறைந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் டிரையர் 1928-இல் எடுத்த 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' என்னும் மௌனப்படத்தின் மூலச்சுருள் அதே ஆண்டில் பெர்லினில் தீக்கிரையாயிற்று. எஞ்சிய துண்டுகளைக் கொண்டு அவர் மீண்டும் ஒருவாறு தொகுத்தார். தம் படம் அதன் முழு வடிவில் அழிந்தது என்று நம்பியே 1968-இல் அவர் மறைந்தார். 1981-இல் நார்வேயின் ஓஸ்லோ நகரையடுத்த மனநல மருத்துவமனை ஒன்றின் அலமாரியிலிருந்து சில பெட்டிகள் கிடைத்தன. உள்ளே இருந்தது அப்படத்தின் நல்ல பிரதி. திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் அப்படமும் உண்டு. அதனைக் காத்தவர் யார்? காக்கவேண்டும் என்று உறுதிபூண்ட எவருமல்லர். ஒரு பொருள் ஓர் அலமாரியில் இருந்தது. எவரும் அதனை எடுத்து எறியவில்லை. பொருளுக்கு உள்ள பெருமை அதுதான். நாம் மறந்த பின்னும் அது இருக்கும்.

இனி, மனச்சான்றைத் தொடும் மறுப்புக்கு வருவோம். பொருள்களைக் குவிக்காதீர் என்றுதானே நமக்குக் கற்பிக்கப்பட்டது? பார்த்து மகிழ்ந்து விட்டுவிடுவது பற்றற்ற வாழ்வுக்கு அணியன் அல்லவா? அசிசி நகர்ப் புனித பிரான்சிஸிடம் ஓர் இளந்துறவி திருப்பாடல் நூல் ஒன்றை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டபோது, இன்று அதனைக் கேட்பாய், நாளை செபநூலைக் கேட்பாய், பின்னர் நாற்காலியில் அமர்ந்து அதனை எடுத்து வா என்று சகோதரனை ஏவுவாய் எனும் கருத்துப்பட அவர் மறுத்ததாகச் சொல்வர். அலமாரி நிறையத் தகடு அடுக்கி, உறை பிரிக்காமலே வரிசை பார்த்து மகிழும் சிலரை நாமும் அறிவோம். அவர்களுக்கு இவ்வரலாறு நல்ல மருந்து.

ஆனால் அதே பிரான்சிஸைப் பற்றி வேறொரு வரலாறும் உண்டு. துறவியர் இருவரின் ஏழைத்தாய் உதவி கேட்டு வந்தார். கொடுப்பதற்கு ஒன்றுமில்லை, இரவுச் செபத்தில் வாசிக்கும் புதிய ஏற்பாட்டு நூல் ஒன்றே இருந்தது. அதனைக் கொடுத்துவிடுங்கள், விற்றுப் பிழைக்கட்டும், நாம் வாசிப்பதைவிட இது இறைவனுக்கு உகந்தது என்றார் பிரான்சிஸ். இவ்வரலாற்றை நாம் எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். கேட்கும்போது கவனியாத ஒன்று இதில் உண்டு. அந்நூல் அங்கே இருந்தது. கையில் எடுத்துக் கொடுக்கத்தக்க பொருளாக இருந்தது. அந்நாளில் மறைநூல் மாதச் சந்தாவுக்கு ஓதப்பட்டு வந்ததாயின், பிரான்சிஸ் எதைக் கொடுத்திருப்பார்? பற்றற்றவருக்கும் கொடுக்க ஒரு பொருள் வேண்டியிருந்தது.

பிரான்சிஸின் வழிவந்தோர், தமக்கு எதுவும் உடைமையன்று, பயன்பாடு மட்டுமே உண்டு என்றனர். உடைமை திருத்தந்தையின் பெயரில் இருந்தது. 1322-இல் திருத்தந்தை 22-ஆம் யோவான் அவ்வேற்பாட்டை மறுத்தார். உண்டு தீரும் பொருள்களில் பயன்பாட்டை உடைமையிலிருந்து பிரிக்க முடியாது. ரொட்டியை உண்பவன் அதைத் தனதாக்கிக் கொள்கிறான் என்பது அவர் வாதம். எழுநூறு ஆண்டுக்கு முந்தைய அவ்வழக்கில் யார் சொன்னது சரி என்பதில் நாம் தலையிடவில்லை. நமக்குப் பயன்படுவது அவர் காட்டிய வேறுபாடு. ரொட்டி உண்டால் தீரும். படம் ஆயிரம் முறை பார்த்தாலும் தீராது. தீராத ஒன்றை, உண்டு தீரும் ஒன்றைப்போல் மாதந்தோறும் அளந்து விற்பதில்தான் புதுமை இருக்கிறது. பிரான்சிஸின் மக்கள் தாமே விரும்பி உடைமையைத் துறந்தனர். நம்மிடமிருந்தோ அது சத்தமின்றி எடுத்துக்கொள்ளப்பட்டது. அதனைத் துறவு என்று அழைக்க இயலாது.

புனித தாமஸ் அக்வினாஸ் இதனைப் பகுத்துக் காட்டுகிறார். பொருளை ஈட்டவும் பங்கிட்டு வழங்கவும் மனிதனுக்குத் தனியுரிமை இருக்கலாம். ஆனால் பயன்படுத்தும்போது அது பொதுவானது என்று எண்ணி, தேவையுற்றோருக்குத் தயங்காது பகிரவேண்டும் என்பது அவர் கருத்து. இன்றைய ஏற்பாடு இதனைத் தலைகீழாக்கியிருக்கிறது. பயன்பாடு நமக்குத் தனித்தனியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. வழங்கும் உரிமையோ நம்மிடம் இல்லை.

திருட்டுத் தகட்டைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரையை முடித்தால் வாசகர் நம்மை நம்பமாட்டார்கள். இன்று பரணிலிருந்து இறங்கும் தகடுகளில் எத்தனை முறையானவை? படம் வெளியான மறுநாளே பேருந்து நிலையத்தில் விற்றவை எத்தனை? திருட்டு விசிடி விற்போரைக் குண்டர் சட்டத்தில் அடைக்கத் தமிழக அரசு 2004-இல் சட்டத்தைத் திருத்தியது. அந்த அளவுக்கு அது பெருகியிருந்தது. விற்றவரைச் சட்டம் பிடித்தது. வாங்கிய நம்மைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. களவாடப்பட்டதை அலமாரியில் வைத்துக்கொண்டு உடைமையின் அறம் பேசுவது தகாது. ஒரு படத்தின் முறையான பிரதி பழைய கடையில் கிடைக்குமாயின் அதனை வாங்கிக்கொண்டு, திருட்டுப் பிரதியைக் கழித்துவிடுவது நேர்மை. முறையான பிரதி எங்குமே இல்லாத பழைய படமாயின்? அப்போது அதனை அழிக்க நம் கை எழாது. அதனை விற்கலாகாது, பெருக்கலாகாது. ஆனால் காக்கலாம் என்பதே நம் தீர்ப்பு. இதனை மறுப்போர் எழுதுவாராயின் வரவேற்போம்.

தகட்டுக்குத் திரும்புவது எளிதுமன்று. புதிய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை தகடாக வெளிவருவதே இல்லை. 2023-இல் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் தம் 'ஓப்பன்ஹைமர்' படத்தின் தகட்டை வாங்கி வைத்துக்கொள்ளுமாறு ரசிகர்க்குச் சொன்னார். முதலில் வந்தவை விரைந்து விற்றுத் தீர்ந்தன. அவ்வாறு சொல்ல நம் இயக்குநர்க்கு வழியில்லை. தகடுகளை அஞ்சலில் அனுப்பும் தொழிலோடு 1998-இல் தொடங்கிய அதே நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பரில் அவ்வஞ்சலை நிறுத்தியது. கையில் இருந்த கடைசித் தகடுகளை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளலாம் என்றது. அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகள் 2024-இல் தகடு விற்பதைக் கைவிட்டன. தகடும் என்றும் அழியாததன்று. 12 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள ஞெகிழி அது. தகரக்கூரை வீட்டின் மே மாத வெப்பத்தில் வளையும். ஐப்பசி ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மணல் துகள் ஒன்று போதும், பாட்டு பாதியில் திக்கும். விளிம்பைப் பற்றி எடுக்கவேண்டும்; மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்கவேண்டும், வட்டமாகத் தேய்க்கலாகாது; உறையிலிட்டு நிமிர்த்தி வைக்கவேண்டும். ஓலைச்சுவடி வைத்திருந்த நம் முன்னோர், ஏடு செல்லரிக்குமுன் புதிய ஓலையில் படியெடுத்தனர். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினர். காப்பது என்பது எந்நாளும் உழைப்புதான்.

ஆகவே சந்தாவை நிறுத்திவிடுங்கள் என்று நாம் யாருக்கும் சொல்லமாட்டோம். வந்து போகும் படங்கள் காற்றிலேயே வந்து போகட்டும். ஒரு குடும்பம் மீண்டும் மீண்டும் பார்க்கும் படங்கள் பத்துக்குமேல் இரா. அவற்றைக் கையில் வைத்திருப்பது நன்று. அதனினும் முதன்மையானது திருமணத் தகடும் முதல் நற்கருணைத் தகடும். அக்காலத்தில் புகைப்படக்காரர் அவற்றைத் தகடாகக் கொடுத்தார். இந்நாளில் பலர் ஓர் இணைய முகவரியை அனுப்பிவிடுகின்றனர். அது எத்தனை ஆண்டு திறக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளும் பெற்றோர் அரிது. இறந்துபோன தந்தையின் குரல் அதில் மட்டுமே இருக்கிறது என்று பின்னொரு நாள் தெரியவரும்போது, முகவரி திறவாதிருந்தால் என் செய்வது?

நம் பங்கின் படிப்பறையில் நாற்பதுக்கு மேற்பட்ட தகடுகள் ஒரு பெட்டியில் உள்ளன. பலரும் கொடுத்தவை. யார் எடுத்துச் சென்றார், எந்நாளில் திருப்பினார் என்று எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் உண்டு. 1971-இல் தங்கப்பன் இயக்கிய 'அன்னை வேளாங்கண்ணி'யை ஓர் ஆயா சென்ற ஆண்டு வேளாங்கண்ணித் திருவிழாவின்போது எடுத்துச் சென்றார், இன்னும் திரும்பவில்லை. அறையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி போய்க் கேட்டுவிட்டு வந்தான். அவர் வீட்டுப் பிளேயர் பழுதாகி ஆறு மாதம் ஆகிறதாம். தகடு மாதா படத்தின் அருகே, மெழுகுதிரி படாத தொலைவில், உறையோடு இருக்கிறதாம். "ரிப்பேர் பண்ணினதும் ஒரு தடவை பார்த்துட்டுத் தந்துடறேன்னு ஃபாதர்கிட்ட சொல்லுப்பா" என்றாராம். அக்கருவியைப் பழுதுபார்க்க ஆள் கிடைப்பாரா என்று காஞ்சிபுரத்துக் கடைகளில் விசாரித்து வருகிறோம்.